ஊமைப்பட நாயகர்கள் – 7: கல் முகத்துக் கீட்டன்

ஒரு கண்ணசைவில் நம்மைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் சாப்ளினின் நாடோடியைப் போன வாரம் பார்த்தோம். அதே ஹாலிவுட்டில், அதே வருஷங்களில், இன்னொருவர் சிரிப்பே இல்லாத முகத்தோடு கொட்டகைகளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். பஸ்டர் கீட்டன். பத்திரிகைகள் அவருக்குச் சூட்டிய பட்டம், 'கல் முகம்'.

அந்த முகம் மேடையில் உருவானது. ஊர் ஊராகப் போய் வித்தை காட்டும் தம்பதிக்கு 1895-ல் கான்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர் கீட்டன். சின்னஞ்சிறு வயதிலேயே அவரையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். சொன்ன பேச்சு கேட்காத பிள்ளையை அப்பா ஜோ தூக்கி வீச வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். பிடித்து எறிய வசதியாக, பையனின் உடையில் பெட்டிக் கைப்பிடி ஒன்றைத் தைத்து வைத்திருந்தார்கள்! விழுந்தவன் தானும் சிரித்துவிட்டால் கூட்டம் அவ்வளவாகச் சிரிப்பதில்லை. உம்மென்று எழுந்து நின்றால் கொட்டகை அதிர்ந்தது. பையன் பிடித்துக்கொண்டான். குழந்தைகள் பாதுகாப்புச் சங்கத்தார் அந்தக் குடும்பத்தை விடாமல் துரத்தினார்கள். இன்று படித்தாலும் வயிறு கலங்குகிறது. கீட்டனோ அடிபடாமல் விழக் கற்றதைக் கடைசிவரை பெருமையாகவே சொன்னார்.

1917-ல் ராஸ்கோ ஆர்பக்கிளின் 'தி புட்சர் பாய்' படத்தில் முதன்முதலாகக் கேமரா முன் நின்றார். 1920-ல் சொந்தமாகப் படம் எடுக்கத் தொடங்கிவிட்டார்.

அவரை உணர்ச்சியே இல்லாதவர் என்று சொல்பவர்கள் 'தி ஜெனரல்' (1926) படத்தில் ஒரே ஒரு காட்சியைப் பார்க்க வேண்டும். பட்டாளத்து உடுப்போடு வந்தால்தான் இனிப் பேச்சு என்று காதலி சொல்லிவிட்டாள். ரயில் ஓட்டுநர் ஜானி, இன்ஜின் சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டின் மேல் போய் உட்காருகிறான். இன்ஜின் நகர்கிறது. தண்டு அவனை மேலே தூக்குகிறது, கீழே இறக்குகிறது, மறுபடி தூக்குகிறது. அவனுக்கு அது உறைக்கவே இல்லை. ஷெட்டுக்குள் இன்ஜின் நுழையும்போதுதான் சுற்றும்முற்றும் பார்க்கிறான். ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. அவன் நொறுங்கிப்போனது நமக்கு முழுசாகத் தெரிகிறது. சக்கரம் சற்று வழுக்கிச் சுழன்றிருந்தால் நிஜக் கீட்டன் செத்திருப்பார்.

உயிரைப் பணயம் வைப்பது அவருக்கு வழக்கம். 'ஷெர்லாக் ஜூனியர்' (1924) படப்பிடிப்பில் ரயில் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொட்டிய வெள்ளம் அவரைத் தண்டவாளத்தில் அடித்துப் போட்டது. கழுத்தெலும்பு முறிந்திருந்த விஷயம் பல வருஷம் கழித்து எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் அப்படியே பெயர்ந்து அவர் மேல் சாய்கிறது. மாடி ஜன்னலின் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து விழ, தப்புகிறார். தோளுக்கு இருபுறமும் சில அங்குலம்தான் இடைவெளி. டூப் இல்லை, தந்திரக் காட்சி இல்லை. அந்த முகம் பதறாததற்குப் பின்னால் இவ்வளவு கணக்கும் துணிச்சலும் இருந்தன.

அதே 1928-ல் விதி திரும்பியது. அவருடைய தயாரிப்பாளர் ஜோசப் ஷென்க் அவருக்குச் சகலை முறை. ஷென்க்கின் தம்பிதான் எம்.ஜி.எம்.மின் தாய் நிறுவனத்துக்குத் தலைவர். சாப்ளினும் ஹாரால்ட் லாயிடும் வேண்டாமென்று தடுத்தும், சகலை சொல்லைக் கேட்டு கீட்டன் எம்.ஜி.எம்.மில் கையெழுத்திட்டார். 'தி கேமராமேன்' நன்றாகவே வந்தது. அதன்பின் கதை அவர் கையில் இல்லை. ஆபத்தான சாகசங்கள் கூடாது என்றார்கள். பேசும்படம் வந்ததும் கட்டுக்கட்டாக வசனம் கொடுத்தார்கள். முகத்தை விலைக்கு வாங்கியவர்களுக்கு அந்த உடம்பின் அருமை தெரியவில்லை என்பதுதான் என் ஆற்றாமை. படங்கள் வசூலித்தன, கீட்டன் குடியில் மூழ்கினார். 1933-ல் வெளியே அனுப்பினார்கள். பிற்பாடு அதே நிறுவனத்தில் மற்ற நடிகர்களுக்கு நகைச்சுவை யோசித்துக் கொடுக்கும் வேலைக்குப் போனார்.

பழைய படங்களை உலகம் மறுபடி தேடிப் பார்க்கத் தொடங்கியபோது அவர் உயிரோடு இருந்தார் என்பது ஓர் ஆறுதல். 1965-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த பிப்ரவரியில் காலமானார்.

கீட்டனைத் தடுத்த லாயிட், தன் படங்களின் உரிமையைக் கைவிடாமல் காப்பாற்றிக்கொண்டவர். வலக்கையில் இரண்டு விரல்களை இழந்த பிறகும் கடிகார முள்ளில் தொங்கிய அவரை அடுத்த வாரம் பார்ப்போம்.