ரவுட்டரை பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, நெட் ஸ்லோன்னு புலம்பலாமா?

திருச்சியில் இருக்கும் என் பெரியம்மாவிடமிருந்து போன மாதம் ஒரு போன். "ஏன்டா, மாசாமாசம் காசு கட்டியும் இந்த நெட்டு சுத்திக்கிட்டே இருக்கு. உங்கண்ணன் முகம் பாதியிலயே நின்னுபோயிடுது. நீதான் கம்ப்யூட்டர் கிறுக்கனாச்சே, வந்து பாரு!"

அண்ணன் வெளிநாட்டில். பெரியம்மா தனியாக. இருவருக்கும் நடுவே இருப்பது தினமும் ராத்திரி ஒரு வீடியோ கால். அதற்காக அண்ணன் அங்கிருந்தே இரண்டு முறை பிளானை ஏற்றிவிட்டிருந்தார். 50 எம்பிபிஎஸ், 100 ஆகி, 200 ஆகியிருந்தது. ஆனால், சமையலறையில் வீடியோ கால் மட்டும் அப்படியே உறைந்து நின்றது.

நேரில் போய்ப் பார்த்தால், ரவுட்டர் இருந்தது ஹாலின் மூலையில், இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில். "வயரெல்லாம் தெரிஞ்சா அசிங்கமா இருக்கும்ல" என்றார் பெரியம்மா. ஆக, பிரச்னை பிளானில் இல்லை, பீரோவில்!

முதலில் இடம், அப்புறம்தான் பிளான்

வைஃபை என்பது ரேடியோ அலை. இரும்பு அதைத் திருப்பி அனுப்பிவிடும். தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் பாதியைச் சாப்பிட்டுவிடும். பீரோ, ஃப்ரிட்ஜ், மீன்தொட்டி, டிவிக்குப் பின்புறம் இதெல்லாம் ரவுட்டருக்கு ஆகாத இடங்கள். வீட்டின் நடுப்பகுதியில், தலை உயரத்துக்கு ஒரு ஷெல்ஃபில் திறந்தாற்போல வைப்பதே சரி. ஃபைபர் வயர் அங்கே வரைக்கும் எட்டவில்லை என்றால், நெட் பாக்ஸை அதே இடத்தில் விட்டுவிட்டு, அதிலிருந்து ஒரு லேன் கேபிள் இழுத்து ரவுட்டரை நடுவில் வைக்கலாம். ஃபைபர் வயரை மட்டும் நீங்களாக மடக்கி ஒடிக்காதீங்க. உள்ளே இருப்பது கண்ணாடி இழை.

2.4-ஆ, 5-ஆ?

உங்கள் ரவுட்டரில் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகள் இருக்கும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மெதுவானது, ஆனால் சுவர் தாண்டிப் போகும். 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் ஒரு சுவர் தாண்டினாலே மூச்சு வாங்கும். ரவுட்டர் இருக்கும் அறையில் டிவி, லேப்டாப் எல்லாம் 5-ல் இருக்கட்டும். தூரத்து அறை, ஸ்மார்ட் பல்பு, கேமரா போன்றவற்றுக்கு 2.4 போதும்.

அபார்ட்மென்ட்வாசிகளுக்கு ஒரு விஷயம். 2.4-ல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். பக்கத்து வீடு, மேல்வீடு, எதிர்வீடு எல்லாருடைய ரவுட்டரும் அந்த மூன்றுக்குள்தான் முட்டி மோத வேண்டும். போதாததற்கு மைக்ரோவேவ் அவனும் இதே அலைவரிசைப் பக்கம்தான் வேலை செய்கிறது. பாப்கார்ன் பொரிக்கும்போது நெட் திணறினால் அது பிரமை இல்லை!

எத்தனை எம்பிபிஎஸ் வேணும்?

பிளானில் சொல்லப்படுவது மெகா'பிட்'. நாம் டவுன்லோடில் பார்ப்பது மெகா'பைட்'. 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். அதனால் 100 எம்பிபிஎஸ் பிளானில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும். "100 சொல்லி 12 தர்றான்" என்று சண்டைக்குப் போகாதீங்க.

4கே தரத்தில் படம் பார்க்க நெட்ஃப்ளிக்ஸ் கேட்பதே 15 எம்பிபிஎஸ்தான். நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு 100 தாராளம் என்பது என் கருத்து. பிளானை ஏற்றும் முன் ஒரு சோதனை: ரவுட்டர் பக்கத்தில் நின்று ஸ்பீடு டெஸ்ட் எடுங்க, பிறகு பிரச்னை இருக்கும் அறையில் எடுங்க. முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது படுத்துவிட்டால், கோளாறு வீட்டுக்குள்தான். எத்தனை காசு கூடக் கட்டினாலும் அது சரியாகாது.

வாங்கலாமா, வேண்டாமா?

*சாதா ரிப்பீட்டர்:* வேண்டாம். ஒரே ரேடியோவில் வாங்கி, அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

*மெஷ் செட்:* மாடி வீடு, நீளமான வீடு என்றால் நல்லது. இரண்டு பெட்டிகளையும் கேபிளால் இணைத்தால் இன்னும் நல்லது.

*லேன் கேபிள்:* என் ஓட்டு இதற்குத்தான். நகராத பொருள்களான டிவி, டெஸ்க்டாப்புக்கு கேபிள் கொடுத்துவிட்டால் வைஃபை மொபைல்களுக்கு ஃப்ரீ ஆகிவிடும். வாங்கும்போது சுத்தமான காப்பரா எனக் கேளுங்க. அலுமினியத்தின் மேல் காப்பர் பூசிய மலிவு ரகமும் கடைகளில் கிடைக்கிறது. வீடு கட்டுகிறவர்கள், ரூமுக்கு ஒரு காலி பைப் இப்போதே போட்டுவைங்க.

*வைஃபை 7 ரவுட்டர்:* உங்கள் போன் வைஃபை 5 என்றால், அது 5-ன் வேகத்தில்தான் பேசும். எட்டு ஆன்டெனா இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

*ரவுட்டர் யுபிஎஸ்:* கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பல ஃபைபர் இணைப்புகளில் தெருவில் வரும் வயருக்கு நடுவழியில் கரன்ட் தேவையில்லை. உங்கள் வீட்டுப் பெட்டி எரிந்தால் போதும், பவர்கட்டிலும் நெட் வரும். அடாப்டரில் 12 வோல்ட்டா, 9 வோல்ட்டா எனப் பார்த்து, அதற்கேற்றதை வாங்குங்க. மாற்றிச் செருகினால் ரவுட்டர் போய்விடும்.

உண்மையான ஆபத்து

ரவுட்டரை இடம் மாற்றியபின் இன்னொன்றைக் கவனித்தேன். பெரியம்மா வீட்டு ஹாலில், அண்ணன் வாங்கி வைத்த கேமரா. அதன் பாஸ்வேர்டு, டப்பாவில் அச்சடித்து வந்த அதே பாஸ்வேர்டு. ரவுட்டருக்கும் அப்படியே. தனியாக இருக்கும் ஒரு பெண்மணியின் ஹால், கதவு திறந்தே கிடந்தது மாதிரிதான்.

இது வீண் பயம் இல்லை. 2016-ல் 'மிராய்' என்ற வைரஸ், கம்பெனி பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்கள், ரவுட்டர்களாகத் தேடித் தேடிப் புகுந்தது. அதனிடம் இருந்த பாஸ்வேர்டு பட்டியலே 60 சொச்சம்தான். அந்தக் கருவிகளைப் படையாகத் திரட்டி நடத்திய தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் பலருக்கும் சில மணி நேரம் திறக்கவில்லை.

பெரியம்மா வீட்டில் அரை மணி நேரத்தில் செய்தவை இவைதான்:

• வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு வேறு. இரண்டையும் மாற்றினேன்.
• பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ-3க்கு மாற்றினேன். பழைய ரவுட்டர் என்றால் டபிள்யூபிஏ-2 ஓகே.
• டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்தேன். அதன் 8 இலக்க பின் நம்பரை எளிதில் உடைக்கலாம் என்பது 2011-லேயே வெளிவந்துவிட்டது.
• கேமரா, ஸ்மார்ட் பல்புகளை கெஸ்ட் நெட்வொர்க்குக்குத் தள்ளினேன். அதில் ஒன்று மாட்டினாலும் போன், லேப்டாப் வரைக்கும் வருவது கஷ்டம்.
• ரவுட்டர், கேமரா இரண்டின் சாஃப்ட்வேரையும் அப்டேட் செய்து, கேமரா ஆப்பில் ஓடிபி சரிபார்ப்பைப் போட்டேன்.

கடைசியாக, யாரும் அவரிடம் கேட்காத கேள்வியைக் கேட்டேன். "பெரியம்மா, இந்த கேமரா இங்க இருக்கிறது உங்களுக்குச் சம்மதமா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "உங்கண்ணனுக்கு நிம்மதின்னா இருக்கட்டும்டா. ஆனா ஹால்ல வேணாம், வாசலைப் பார்த்து வச்சிடு. நான் எப்படி இருக்கேன்னுதான் தினமும் போன்ல பார்க்கிறானே."

திருப்பி வைத்தோம். பிளானையும் 100-க்கு இறக்கிவிட்டோம். அன்று ராத்திரி, அடுப்படியில் நின்றபடியே அண்ணனுக்கு வத்தக்குழம்பு கொதிப்பதைக் காட்டிக்கொண்டிருந்தார் பெரியம்மா. படம் ஒரு முறைகூட நிற்கவில்லை.

உங்கள் வீட்டு ரவுட்டர் எங்கே இருக்கிறது? இன்றைக்கே ஒரு முறை எட்டிப் பாருங்க. ஊரில் அம்மா, அப்பா இருந்தால், அடுத்த முறை போகும்போது அங்கேயும்!