ஒரே ரயில், இரண்டு பாஸ்

பிரெஞ்சில் படித்தவன் என்பதால், பிரான்சுக்குப் போகிற புதுச்சேரிக்காரர்கள் ரயில் பாஸ் பற்றி என்னிடம் விசாரிப்பார்கள். 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களில் பலர் அங்கேதான் வசிக்கிறார்கள். அண்ணன் இங்கிருந்து போய்ப் பாரீஸ் தம்பியோடு ஊர் சுற்றினால், இருவருக்கும் வேறு வேறு பாஸ்.

1959-இல் 13 நாடுகளின் ரயில்வேக்கள் வெளிநாட்டுப் பயணிகளுக்காக யூரெயில் பாஸ் கொண்டுவந்தன. ஐரோப்பியர்களுக்கு 1972-இல்தான் இன்டர்ரெயில் வந்தது. பன்னாட்டு ரயில்வே சங்கத்தின் 50-ஆம் ஆண்டையொட்டி, 21 வயது வரையுள்ளோர் ஒரு மாதம் 21 நாடுகளைச் சுற்ற ஏற்பாடு. வயது வரம்பு பிற்பாடு போய்விட்டது. இன்று முதியோருக்குத் தள்ளுபடியே உண்டு. அந்த இரண்டு பிரிவு மட்டும் இன்னும் மாறவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. இன்டர்ரெயில்காரர் தாம் வசிக்கும் நாட்டுக்குள், வெளியே போக ஒரு முறை, திரும்பிவர ஒரு முறைதான் பாஸைப் பயன்படுத்தலாம். லியோன், மர்சேய் என்று சுற்றினால் பாரீஸ் தம்பி தனியே டிக்கெட் எடுக்க வேண்டும். புதுச்சேரி அண்ணனுக்குப் பாஸே போதும். ஆனால் தேஜேவே அதிவேக வண்டியில் இருவரும் இருக்கை முன்பதிவுக்குத் தனியாகக் கட்டணம் கட்டியாக வேண்டும்.

ஆகவே, குடும்பமாகப் போகிறவர்கள் ஊர்ப் பட்டியல் போடும் முன் யார் எந்த நாட்டில் வசிப்பவர் என்று எழுதிக்கொள்ளுங்கள். தம்பிக்கும் பாஸ் கட்டுப்படியாக வேண்டுமென்றால் மியூனிக், வியன்னா என்று எல்லை தாண்டிப் போங்கள்.