அரைவையும் எஃகுதலும்

பறித்த பருத்தி நூற்புக்கு வருமுன் இரு வேலைகள் நடைபெற வேண்டும். கொட்டையிலிருந்து இழையைப் பிரித்தல் ஒன்று. பிரித்த பஞ்சைச் சிக்கறுத்து நொய்தாக்குதல் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது மொழிபெயர்ப்பில் எளிதில் நேரும் பிழையாகும்.

பின்னதற்குத் தமிழில் 'எஃகுதல்' என்னும் சொல் உண்டு. வில்லால் பஞ்சடிக்கும் முறையை நற்றிணை 299ஆம் பாடல் அலைப்பிசிருக்கு உவமையாக்குகிறது. எஃகிய பஞ்சைக் குறித்த 'பனுவல்' ஏட்டு நூலையும் குறிக்கலாயிற்று. நன்னூல் சொல்லைப் பஞ்சாகவும் புலவரை நூற்பவராகவும் உருவகிக்கிறது. இன்று திறனாய்வில் 'பனுவல்' என எழுதுவோர் பஞ்சை நினைப்பதில்லை.

முன்னதன் வரலாறு வேறு. பழைய கைக்கருவியில் எதிரெதிராகச் சுழலும் இரு உருளைகள் இழையை ஈர்க்க, கொட்டை பின்தங்கும். 1793இல் அமெரிக்காவில் விட்னி அமைத்த ரம்பப்பல் எந்திரம், 1840களில் கம்பெனியார் கோயம்புத்தூர்ப் பகுதியில் நடத்திய சோதனைப் பண்ணைகளுக்கு வந்தது. 1842 முதல் 1853 வரை அப்பணியைக் கண்காணித்தவர் தாவரவியலறிஞர் ராபர்ட் வைட். நாட்டுப் பருத்தியின் குட்டை இழையை ரம்பப்பல் அறுத்துவிடும். பின்னர் இந்தியாவில் பெரிதும் நிலைத்தது 1840இல் மெக்கார்த்தி காப்புரிமை பெற்ற உருளை எந்திரமே.

'பருத்தி அரைவை ஆலை' என்னும் வழக்கு உருளையை மனத்திற்கொண்டு எழுந்ததாகலாம். ஆயினும் அங்கே எதுவும் அரைபடுவதில்லை. கொட்டை நசுங்கினால் பஞ்சில் தூளும் எண்ணெய்ப்பசையும் ஏறும். கொட்டை அரைபடுவது பின்னர்தான், மாட்டுத் தீவனத்திற்கும் மதுரைப் பருத்திப்பாலுக்கும். கம்பெனி ஆவணங்களில் 'ஜின்' என வருமிடமெல்லாம் ரம்பமா உருளையா என்று நோக்காது 'அரைவை' என எழுதினால், இழை அறுந்த செய்தியே மறைந்துவிடும்.