எக்ஸ்போசித்தோ: ஒரு ஸ்பானியக் குடும்பப்பெயரின் தோற்றமும் பரவலும்

ஸ்பானியக் குடும்பப்பெயர்கள் பெரும்பாலும் வழிமரபையோ ஊரையோ தொழிலையோ உணர்த்துவன. பெர்னாந்தெஸ் என்பது பெர்னாந்தோவின் மகன் என்னும் பொருளது. நவார்ரோ என்பது நவார்ரா நிலப்பகுதியினரைச் சுட்டுவது. எர்ரேரோ என்பது கொல்லரைக் குறிப்பது. தந்தைவழியில் ஒன்றும் தாய்வழியில் ஒன்றுமாக இரு குடும்பப்பெயர்களைத் தாங்குவது அந்நாட்டு வழக்கம். இம்மரபினுள் பெற்றோர் இன்னார் என அறியப்படாமையையே பெயராக்கியது ‘எக்ஸ்போசித்தோ’. அதன் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் வழக்கும்

இச்சொல், ‘வெளியே வைக்கப்பட்டவர்’ எனப் பொருள்படும் ‘எக்ஸ்போசித்துஸ்’ என்னும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. தேவாலய வாயிலிலும் மருத்துவமனை வாயிலிலும் விடப்பட்ட குழந்தைகளுக்குத் திருமுழுக்கின்போது இப்பெயர் இடப்பட்டது. இக்குழந்தைகளை ஏற்க மத்ரித் நகரின் இன்க்லூசா போன்ற காப்பகங்கள் இயங்கின. அத்தகைய காப்பகங்களின் சுவரில் ‘தோர்னோ’ எனப்படும் சுழல் உருளை பொருத்தப்பட்டிருந்தது. குழந்தையை அதில் வைத்துச் சுழற்றினால், வைத்தவர் முகம் காணாமலேயே உள்ளிருப்போர் அதனைப் பெற்றுக்கொள்வர். தாயின் மானத்தைக் காத்த அம்மறைவின் சுமையைக் குழந்தையின் பெயர் வாழ்நாள் முழுதும் சுமந்தது.

சட்டமும் இழிவும்

1794ஆம் ஆண்டில் நான்காம் கார்லோஸ் மன்னர் பிறப்பித்த ஆணை, இக்குழந்தைகளைக் குடியியல் உரிமைகள் அனைத்திற்கும் முறைப்படி பிறந்தோராகவே கொள்ளவேண்டும் என அறிவித்தது. அவர்களை முறைகேடாகப் பிறந்தோர் என ஏசுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சாட்டையடி, தூக்கு முதலிய இழிவுத் தண்டனைகளை அவர்களுக்கு விதிக்கலாகாது எனவும் விலக்கியது. தண்டிக்கப்படுபவர் உயர்குடியில் பிறந்தவராகவும் இருக்கக்கூடும் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். அறியப்படாத பிறப்பினைத் தாழ்ந்த பிறப்பெனக் கருதிய சமூகத்திற்கு எதிராக, அதே அறியாமையைக் கொண்டு ஆணை வாதிட்டமை குறிப்பிடத்தக்கது. எனினும் அவ்வாதமும் உயர்குடிப் பெருமையைச் சார்ந்தே நின்றது.

ஆணையால் இழிவு முற்றிலும் நீங்கிவிடவில்லை. 1957ஆம் ஆண்டின் குடியியல் பதிவுச் சட்டம், எக்ஸ்போசித்தோ முதலான, பிறப்பறியாமையைச் சுட்டும் பெயர்களை மாற்றிக்கொள்ளத் தனி வழிவகை செய்தது. 163 ஆண்டுகளுக்குப் பின்னரும் அத்தகைய விதி தேவைப்பட்டமையே இழிவின் நீட்சிக்குச் சான்றாகும். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, எவ்வகைப் பிறப்பினராயினும் குழந்தைகள் சட்டத்தின்முன் சமம் என நிலைநாட்டியது.

பரவல்

மாற்றிக்கொள்ள வழியிருந்தும் பலர் இப்பெயரைத் துறக்கவில்லை. ஸ்பெயினிலும் இலத்தீன் அமெரிக்க நாடுகளிலும் இது இன்றும் வழங்குகிறது. அர்ஜென்டினாவின் தாங்கோ பாடலாசிரியர் ஓமெரோ எக்ஸ்போசித்தோவும் (1918–1987) அவர்தம் இளவல் இசையமைப்பாளர் விர்ஹிலியோவும் இப்பெயரைக் கலையுலகில் நிலைபெறச் செய்தனர். இதன் இத்தாலிய இணையான ‘எஸ்போசித்தோ’ நேப்பிள்ஸ் நகரில் மிகப் பரவலாகக் காணப்படும் பெயர்களுள் ஒன்றாகும்.

முடிவுரை

பொதுவாக, ஒரே குடும்பப்பெயரின் பரவல் ஒரு குடியின் பெருக்கமாகவோ இடப்பெயர்ச்சியாகவோ விளக்கப்படும். எக்ஸ்போசித்தோவுக்கு அவ்விளக்கம் பொருந்தாது. ஒருவரோடொருவர் குருதியுறவற்றோர் பல ஊர்களில், பல நூற்றாண்டுகளில், தனித்தனியே பெற்ற பெயர் இது. இதன் பரவல் காப்பகங்களின் பரவலையே காட்டுகிறது. மூதாதையர் இலர் என அறிவிக்க இடப்பட்ட பெயர், அதனைத் துறவாதோரின் வழித்தோன்றல்களுக்கு மூதாதையர் விட்டுச்சென்ற பெயராயிற்று. பெயராய்வில் சொல்லின் வேரை மட்டும் காண்போர் இம்மாற்றத்தைத் தவறவிடுவர்.