பெரியம்மாவின் கேள்வியும் கொஞ்சம் மாவும்

செவ்வாய்ப்பேட்டை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெரியம்மா கேட்டார்: "ஏங்கண்ணு, மருந்த நேரா கட்டிக்கே அனுப்ப முடியாதா? ஒடம்பு பூரா எதுக்கு எரியணும்?" மார்பகப் புற்று. கீமோவில் முடியெல்லாம் கொட்டியிருந்தது. பாதி ஆயுளைச் சேகோ ஃபேக்டரியில் கழித்தவர். பதில் தேடிப் போன எனக்கு முதலில் தட்டுப்பட்டதும் மாவுதான்.

எங்கள் ஊர் மாவுக்கதை சின்னது. உலகப்போரில் மலேயாவை ஜப்பான் பிடித்ததும் அங்கிருந்து வந்த ஜவ்வரிசி நின்றுபோனது. 1943 வாக்கில் மாணிக்கம் செட்டியாரும் பினாங்கு அனுபவம் உள்ள போபட்லால் ஷாவும் சேலத்தில் குச்சிக்கிழங்கு மாவை உருட்டிப் பார்த்தார்கள். 1981-ல் சேகோசர்வ் வந்தது.

மாவு என்பது குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த சங்கிலி, இயற்கைப் பாலிமர். எச்சிலில் உள்ள அமைலேஸ் அதை வெட்டிவிடும். ரத்தத்திலும் அமைலேஸ் உண்டு. அதை நம்பித்தான் உருளைக்கிழங்கு மாவில் நுண்மணிகள் செய்து, கல்லீரல் புற்றுக்குப் போகும் ரத்தக்குழாயில் கீமோ மருந்தோடு செலுத்தினார்கள். மணி குழாயை அடைத்து மருந்தைக் கட்டியருகே நிறுத்தும், கொஞ்ச நேரத்தில் கரைந்துவிடும். ஒருவகை ஜவ்வரிசி என்பேன், விஞ்ஞானிகள் கோபித்துக்கொள்ளலாம்.

நானோத்துகள் அதைவிடப் பல நூறு மடங்கு பொடி. 2005-ல் அமெரிக்கா அனுமதித்த அப்ராக்ஸேன், ரத்தத்திலுள்ள அல்புமின் புரதத்தில் கீமோ மருந்தை ஏற்றிய சுமார் 130 நானோமீட்டர் துகள். 2019-ல் அடிசோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தோடு சேர்த்து ஒருவகை மார்பகப் புற்றுக்கு அங்கே அனுமதி கிடைத்தது. 2021-ல் தயாரித்த நிறுவனமே அந்த அனுமதியைத் திருப்பிக் கொடுத்தது. அதிலும் துகள் சுமந்தது கீமோவைத்தான். நோயெதிர்ப்பு மருந்து தனி ஊசியாகவே ஏறியது.

அதையும் துகளுக்குள் வைக்கும் முயற்சியில் அடிக்கடி வரும் பெயர் கைட்டோசான். இறால் ஓட்டிலிருந்து எடுப்பது. 1859-ல் ரூஜே என்ற பிரெஞ்சுக்காரர் முதலில் செய்தது. நேர்மின்னூட்டம் உள்ளதால் செல் சவ்வில் ஒட்டும். கிருமியளவுத் துகளைக் கண்டால் விழுங்குவது நம் காவல் செல்களின் பழக்கம். புற்றின் புரதத்தை அதற்குள் வைத்து ஊட்டினால், அவை டி-செல்களுக்கு எதிரியை அடையாளம் காட்டும். எலிகளில் நன்றாகவே காட்டியிருக்கின்றன. மனிதர்களிடம் வழி இன்னும் நீளம்.

"அனுப்பலாம்னு பாத்துட்டு இருக்காங்க பெரிம்மா" என்றேன்.

"எப்ப?" என்றார். அடுத்த ஊசிக்கு ஒன்பது நாள் இருந்தது.