குழாயின் எடை: ஒரு வரலாறு

ஆலைகளை அடுத்து வாழ்வோர் அனைவரும், அலுமினியத் தகடு போர்த்துத் தூண்களின் மீது நெடுந்தொலைவு செல்லும் பெருங்குழாய்களைக் கண்டிருப்பர். தகட்டுக்கும் உள்ளிருக்கும் எஃகுக் குழாய்க்கும் இடையே, வெப்பம் வெளியேறாதபடி தடித்த உறையொன்று சுற்றப்பட்டிருக்கும். இதனை வெப்பக்காப்பு என்பர். தொழிலாளர் வழக்கில் 'லாக்கிங்'. இவ்வளவு பாரத்தையும் தாங்க வேண்டிய தூண்களை நிறுத்துமுன் எடையை அறிந்தாக வேண்டும். தராசில் ஏற்றாமலே குழாயின் எடையைச் சொல்லும் கணக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையது. அதன் வரலாற்றைச் சிறிது காண்போம்.

கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், தம் கலையைப் பற்றிப் பத்துப் பகுதிகள் கொண்ட நூல் ஒன்றை இயற்றினார். அதன் எட்டாம் பகுதி நீரைப் பற்றியது. அக்காலத்து உரோமர் ஈயத் தகட்டை வளைத்துக் குழாய் செய்தனர். ஈயத்துக்கு இலத்தீன் மொழியில் 'பிளம்பம்' என்று பெயர். நாம் அன்றாடம் வழங்கும் 'பிளம்பர்' என்னும் சொல் அதன் வழிவந்ததே. வளைக்குமுன் தகட்டின் அகலம் எத்தனை விரற்கடையோ, அதுவே குழாயின் பெயராயிற்று. பத்தடி நீளமுள்ள 100 விரற்கடைக் குழாயின் எடை 1,200 இராத்தல். 50 விரற்கடைக்கு 600. 10 விரற்கடைக்கு 120 என்று விட்ருவியஸ் வரிசையாகக் குறித்துள்ளார். அதாவது விரற்கடைக்குப் பன்னிரண்டு இராத்தல்.

இதன் உட்பொருள் மிக எளிது. பாயைச் சுருட்டினாலும் விரித்தாலும் எடை ஒன்றே அன்றோ? குழாயும் சுருட்டிய தகடே. 1825ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கார்னீலியஸ் வைட்ஹவுஸ் என்பவர், இரும்புப் பட்டையைக் காய்ச்சி வளைத்து விளிம்புகளை ஒட்டிக் குழாய் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் எஃகு வந்தது. உலோகம் மாறியதேயன்றிக் கணக்கு மாறவில்லை.

இன்றைய பொறியாளரின் கணக்கைப் பார்ப்போம். ஆறங்குலக் குழாய் எனப்படும் ஒரு வகையின் வெளிவிட்டம் 168.3 மில்லிமீட்டர்; கனம் 7.11 மில்லிமீட்டர். விட்டத்திலிருந்து கனத்தைக் கழித்து 3.1416 ஆல் பெருக்கினால், விரித்த தகட்டின் அகலம் சுமார் 506 மில்லிமீட்டர் எனக் கிடைக்கும். எஃகு கனமீட்டருக்கு 7,850 கிலோ. ஆகவே குழாய் மீட்டருக்கு 28.26 கிலோ. வெப்பக்காப்பு குழாயின் வெளியே அமைவதால், அதற்குக் கனத்தைக் கழிக்காமல் கூட்டிக்கொள்ள வேண்டும். கனமீட்டருக்கு 120 கிலோ எடையுள்ள பாறைப் பஞ்சை 50 மில்லிமீட்டர் கனத்தில் சுற்றினால், மீட்டருக்கு 4.1 கிலோ சேரும். குழாய் நிறைய நீர் இருப்பின் மேலும் 18.6 கிலோ. மொத்தம் 51 கிலோ! வெறுங்குழாயின் எடையை மட்டும் நம்பித் தூண் நாட்டியவன் ஏறக்குறையப் பாதிப் பாரத்தை மறந்தவனாவான்.

விட்ருவியஸ் எடையைக் குறித்ததோடு நிற்கவில்லை. ஈயத் தொழிலாளரின் முகம் வெளிறியிருத்தலைக் கண்டு, ஈயம் உடலுக்குக் கேடு என்றும், குடிநீருக்கு மண்குழாயே சிறந்தது என்றும் எழுதினார். எடையைக் கணித்தவரே அதனைச் சுமந்தவன் முகத்தையும் நோக்கினார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

பிற்காலத்தார் அவ்வாறு நோக்கினரா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் நீராவிக் குழாய்களுக்கும் கொதிகலன்களுக்கும் கல்நார் உறையிடும் வழக்கம் பரவியது. அது தீப்பற்றாது, வெப்பத்தைத் தடுக்கும், எடையும் குறைவு. அதனை அறுத்தும் பிசைந்தும் சுற்றியவர்களின் நுரையீரலில் படிந்த தூசுக்கு மட்டும் எடை அட்டவணையில் இடமில்லை. 1964இல் அமெரிக்க மருத்துவர் இர்விங் செலிகாஃப், தம் துணைவர்களுடன், நியூயார்க் வட்டார வெப்பக்காப்புத் தொழிலாளர் 632 பேரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். அவர்களுள் நுரையீரலிலும் அதன் உறையிலும் தோன்றும் புற்றுநோயால் ஆறு அல்லது ஏழு பேர் இறப்பர் என எதிர்பார்க்கத்தக்க காலத்தில், 45 பேர் இறந்திருந்தனர்.

நம் நாட்டிலும் இவ்வழக்கு நீதிமன்றம் ஏறியது. தொழிலாளியின் உடல்நலம் அரசியலமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் அடிப்படை உரிமை என 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்நார்த் தொழிலாளர் ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவேட்டையும், வேலையில் சேர்ந்த நாள் முதல் 40 ஆண்டுகள் அல்லது வேலையை விட்ட பின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை பேணவும் ஆணையிட்டது. நோய் வெளிப்படப் பல்லாண்டுகள் ஆகுமாதலின் இவ்வாணை இன்றியமையாததாயிற்று.

பழைய கொதிகலன் கூடங்களில் கிழிந்து தொங்கும் உறையைச் சிறுவர் தொடாதிருக்கக் காப்பது பெற்றோர் கடமை. அதனை அகற்றுதல் பயிற்சி பெற்றோர் பணி. நம் காலனிப் பிள்ளைகள் பலர் பொறியியல் பயின்று வருகின்றனர். நாளை அவர்கள் மீட்டருக்கு இத்தனை கிலோ என்று கணக்கெழுதும் பொழுது, அக்குழாயைச் சுமப்பவனையும் அதற்கு உறை சுற்றுபவனையும் அக்கணக்கில் சேர்த்துக்கொள்வார்களாக! அதுவே முழுமையான கணக்கு.