செக்ரோல் முதல் கணிப்பொறி வரை

நிர்வாகத் தகவல் முறை என்ற சொற்றொடரைக் கேட்டதும், தொழில் நடத்துவோரில் பலர், இது பொறி வல்லுநர் கவனிக்கவேண்டிய காரியம், நமக்கு இதில் வேலையில்லை என்று ஒதுங்கிவிடுகின்றனர். கணிப்பொறியும் அதைச் சூழ்ந்த கலைச்சொற்களும் அவர்களை மிரள வைக்கின்றன. ஆயின் வரலாற்றை நோக்கினால், முறை முந்தியது, பொறி பிந்தியது என்பது விளங்கும். ஜோகூர் மாநிலத்துத் தமிழருக்கோ இம்முறை புதியதே அன்று. அவர்களுடைய பாட்டன்மார் பலர் விடியற்காலைதோறும் அதன் முதற்படியில் நின்று பெயர் கொடுத்துவிட்டுத்தான் மரம் வெட்டப் போனார்கள். அந்த முதற்படிக்குப் பெரட்டு என்று பெயர்.

கெமாஸிலிருந்து ஜோகூர் பாரு வரையிலான ரயில் பாதை 1909-இல் முற்றுப்பெற்றது. அதன் பின்னர் சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் முதலிய வட்டாரங்களில் காடு அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. பெரிய தோட்டங்கள் பலவற்றின் உடைமையாளர் பிரிட்டனில் இருந்த பங்குதாரர்கள். அவர்கள் சார்பில் மேற்பார்வை செய்தவை கத்ரி, ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்பீல்டு போன்ற ஏஜென்சி நிறுவனங்கள். தோட்டத்தில் இருந்து ஆண்டவர் துரை. பங்குதாரருக்கும் மரத்துக்கும் இடையே ஆறாயிரம் மைலுக்கு மேற்பட்ட தூரம். தாம் ஒருநாளும் கண்டறியாத மரங்களையும் மனிதர்களையும் வைத்து இலாபகரமாகத் தொழில் நடத்துவது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடையாக எழுந்ததே தோட்டக் கணக்கு முறை.

அம்முறையின் அடித்தளம் செக்ரோல் என்னும் பேரேடு. பெரட்டில் பெயர் கூப்பிட்டு, வந்தவர் யார், வராதவர் யார், எந்த நிரைக்கு யார் போகிறார் என்று கிராணி குறித்துக்கொள்வார். வெயில் ஏறியதும் தொழிலாளர் பாலைச் சுமந்து பால் கொட்டகைக்கு வருவர். அங்கே எடை போடப்படும். எடை போட்டதோடு காரியம் முடிவதில்லை என்பதை இன்றைய நிர்வாகிகள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒருவர் நாற்பது இராத்தல் பால் கொண்டு வந்தார் என்றால், அதில் ரப்பர் எவ்வளவு, நீர் எவ்வளவு? மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைக் கொண்டு அளந்து, நூற்றுக்கு முப்பது பங்கு ரப்பர் என்று கண்டால், கணக்கில் ஏறுவது பன்னிரண்டு இராத்தல்தான். நாற்பது என்பது வெறும் எண். பன்னிரண்டு என்பதே தகவல். எண்ணைத் தகவலாக மாற்றுவது என்று இன்று நூல்கள் விரித்துரைப்பதைப் பால் கொட்டகை நாள்தோறும் செய்து வந்தது.

ஒரே ஏடு பல பயன்களுக்கு உதவியது. தொழிலாளிக்குக் கூலி போட அதுவே ஆதாரம். மலாயாவில் 1907-இல் ஏற்பட்ட குடியேற்ற நிதிச் சட்டப்படி, தமிழ்த் தொழிலாளரை வைத்திருந்த முதலாளிகள் அவர்கள் வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டு நிதி செலுத்த நேர்ந்தபோது, அதற்கும் அந்த வருகைக் கணக்கே அடிப்படையாயிற்று. மாத முடிவில் அதே ஏட்டைச் சுருக்கினால் ஒரு இராத்தல் ரப்பருக்கு அடக்கவிலை இவ்வளவு என்று துரைக்குத் தெரியவரும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மேலே செல்லச் செல்லத் தகவல் சுருங்கவும் வேண்டும், உருமாறவும் வேண்டும். வெளிக்காட்டுக் கிராணிக்கு வேண்டியது இன்று எந்த நிரை வெட்டப்படாமல் கிடக்கிறது என்ற செய்தி. அது இன்றே வேண்டும். துரைக்கு வேண்டியது சென்ற மாதத்தைக் காட்டிலும் இம்மாதம் அடக்கவிலை ஏன் ஏறியது என்பது. லண்டன் இயக்குநர்கள் தீர்மானிக்க வேண்டியதோ பழைய மரங்களை அழித்துப் புதுக்கன்று நடலாமா என்பது. கன்று பால் தர ஆறேழு ஆண்டுகள் ஆகுமாதலால், அவர்களுக்கு ஒருநாள் வரவுக் கணக்கு பயன்படாது. பல ஆண்டுகளின் போக்குத் தெரிய வேண்டும். அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் அந்தோணி 1965-இல் நிர்வாகப் பணிகளை அன்றாட வேலை, நிர்வாகக் கட்டுப்பாடு, நீண்டகாலத் திட்டம் என மூன்று அடுக்காகப் பிரித்துக் காட்டினார். அவ்வடுக்குகள் மூன்றையும் ஒரு ரப்பர்த் தோட்டத்திலேயே காணலாம்.

கணக்கு இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் நேர்ந்த வேறுபாட்டையும் ஜோகூர் வரலாறு காட்டுகிறது. ரப்பர் விலை வீழ்ந்ததால் 1922 நவம்பர் முதல் தேதி ஸ்டீவன்சன் திட்டம் மலாயாவிலும் இலங்கையிலும் நடைமுறைக்கு வந்தது. 1920 அக்டோபரோடு முடிந்த பன்னிரண்டு மாதங்களில் ஒருவர் உற்பத்தி செய்த அளவே அவருக்குரிய நிலை அளவு எனக் கொள்ளப்பட்டது. தொடக்கத்தில் அதில் நூற்றுக்கு அறுபது பங்கையே குறைந்த வரியில் ஏற்றுமதி செய்யலாம். பெருந்தோட்டங்கள் தங்கள் ஏடுகளை எடுத்துக் காட்டி உரிய பங்கைப் பெற்றன. மூவார், பத்து பகாட் பக்கங்களில் சில ஏக்கர் வைத்திருந்த சிறுதோட்டக்காரரிடம் ஏடு ஏது? அவர்களுக்கு ஏக்கரையும் மரத்தின் வயதையும் பார்த்து அதிகாரிகளே மதிப்புப் போட்டனர். அம்மதிப்பு உண்மை விளைச்சலுக்கு மிகக் குறைவாக இருந்தது எனப் பொருளாதார அறிஞர் பி. டி. பாவர் பின்னர் எடுத்துக்காட்டினார். மரம் இருந்தது, பால் இருந்தது, உழைப்பும் இருந்தது. எழுத்து இல்லாமையால் உரிமை குறைந்தது. 1928-இல் திட்டம் கைவிடப்படும் வரை இந்நிலை நீடித்தது.

ஏடு வைத்திருந்த தோட்டங்களிலும் குறை இல்லாமலில்லை. செக்ரோலில் வராதவர் பெயருக்கு நேரே ஒரு குறி இருக்கும். அவர் காய்ச்சலாய்க் கிடந்தாரா, மனம் நொந்து நின்றாரா என்பதை அக்குறி சொல்லாது. தகவல் மேல்நோக்கியே பாய்ந்தது. தம் பாலுக்கு எத்தனை பங்கு ரப்பர் போடப்பட்டது என்பதைச் சரிபார்க்க எழுதப்படிக்கத் தெரியாத தொழிலாளிக்கு வழி அரிது. எதை எழுதுவது என்று தீர்மானிப்பவன் எதை மறைப்பது என்றும் தீர்மானிக்கிறான். அவன் மறைக்க எண்ணாதிருக்கலாம்; விளைவு ஒன்றுதான்.

இனிப் பொறியின் கதைக்கு வருவோம். வாணிகக் கணக்குக்காகவே முதன்முதலாகக் கணிப்பொறி கட்டியது பிரிட்டனில் தேநீர்க் கடைகளும் ரொட்டிச் சாலைகளும் நடத்திய லயன்ஸ் கம்பெனி. லியோ என்ற அப்பொறி 1951-இல் ரொட்டிச்சாலை உற்பத்தியின் மதிப்பைக் கணக்கிடத் தொடங்கியது. மின்பொறி ஆராய்ச்சியில் முந்தி நின்ற நிறுவனங்கள் இருக்க, தேநீர்க்கடைக்காரர் இதில் வென்றது எப்படி? 1930-களிலிருந்தே அக்கம்பெனி அலுவலக முறைகளை ஆராய்வதற்கெனத் தனிப் பிரிவு வைத்திருந்தது. எந்தத் தாள் எதற்கு, யார் படிக்கிறார், படித்து என்ன செய்கிறார் என்று கேட்டுத் தாளைச் சீர்செய்த பிறகே அவர்கள் பொறியை நாடினர்.

பொறி பரவியபோது புதிய தொல்லையும் பரவியது. 1967-இல் ரஸ்ஸல் ஆக்கோஃப் என்ற அறிஞர் எழுதிய கட்டுரை ஒன்று பெரும் விவாதத்தை எழுப்பிற்று. நிர்வாகிகளுக்குத் தகவல் போதவில்லை என்பது பிழை. வேண்டாத தகவல் மலைபோல் குவிவதே அவர்கள் துன்பம் என்பது அவர் வாதம். அவர்கள் கேட்பதையெல்லாம் கொடுப்பதும் பயன் தராது. தாம் எவ்வாறு முடிவு செய்கிறோம் என்பதை அறியாதவர் எதைக் கேட்பது என்றும் அறியமாட்டார் என்றார் அவர்.

இன்று ஜோகூரில் ரப்பர் நின்ற நிலம் பலவற்றில் செம்பனை நிற்கிறது. குலைகளின் எண்ணிக்கையைத் தாளில் குறித்த காலம் போய்க் கைக்கருவியில் பதியும் வழக்கம் வந்திருக்கிறது. வேகம் கூடியிருக்கிறது, கேட்க வேண்டிய கேள்விகள் மாறவில்லை. தொழிலுக்குப் புதிய முறை வாங்க நினைக்கும் நிர்வாகி, விற்பவரிடம் பொறியின் ஆற்றலை விசாரிக்குமுன் தம்மையே நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்வது நலம். நான் எடுக்கும் முடிவுகள் எவை? ஒவ்வொன்றுக்கும் எந்தச் செய்தி, எந்த நாளுக்குள் வேண்டும்? அச்செய்தியை முதலில் எழுதுபவர் யார், அவருக்கு அதனால் என்ன நன்மை? யாரைப்பற்றி எழுதப்படுகிறதோ அவர் அதைப் பார்த்துத் திருத்தம் கோர முடியுமா?

இக்கேள்விகளுக்கு விடை கூறக் கணிப்பொறிக் கல்வி தேவையில்லை. தம் தொழிலைத் தாம் அறிந்திருத்தல் போதும். மூன்றாவது கேள்வி பெரும்பாலும் மறக்கப்படுகிறது. அடியில் எழுதுபவர் அக்கறையின்றி எழுதினால், மேலே எத்தனை பொறி வைத்தும் பிழையே வேகமாய் வந்து சேரும். நான்காவதையோ தோட்டங்களில் நெடுங்காலம் கேட்பாரே இல்லை. அதைக் கேட்கும் நிர்வாகி, அன்றைய துரைமாருக்குக் கிட்டாத ஒரு தகவலையும் பெறுவார்: கணக்கு எங்கே தவறியிருக்கிறது என்பதை அந்தக் கணக்கால் பாதிக்கப்படுபவரே முதலில் அறிவார்.